கோழிக்கூண்டுக் கல்லூரி

திறந்த கதவு: சமுதாயக் கல்லூரிகளின் கதை – 6

சென்ற இதழில் ஜோலியட் நகரத்தைப் பார்த்தோம். 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் அந்தத் தொழில் நகரத்தில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாக, ஆறே மாணவர்களோடு அமெரிக்காவின் முதல் அரசு ஜூனியர் கல்லூரி, அதாவது இரண்டாண்டுக் கல்லூரி, பிறந்தது. அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த யோசனை ஊர் ஊராக மெதுவாகத்தான் பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, திரும்பி வந்த படைவீரர்களுக்கு அரசு படிப்புச் செலவைக் கொடுக்கத் தொடங்கியதும் வேகம் பிடித்தது. 1947-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம், வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், கையைக் கடிக்காத செலவில், எல்லோருக்குமான கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று எழுதிவைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் நாடு முழுவதும் புழக்கத்துக்கு வந்தது அப்போதுதான்.

எல்லோருக்கும் என்று காகிதத்தில் எழுதுவது எளிது. அந்த ‘எல்லோரும்’ ஒரே ஊரில், ஒரே நேரத்தில், வெவ்வேறு மொழி பேசிக்கொண்டு வாசலில் வந்து நின்றால்? அந்தச் சோதனை மியாமிக்கு வந்தது. இந்த இதழில் அந்தக் கதையின் முதல் இருபத்தைந்து ஆண்டுகள்.

வாட்டன்பார்கரின் வரைபடம்

1940-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் மக்கள்தொகை 19 இலட்சம். 1960-இல் 49 இலட்சம். போர்க்காலப் பயிற்சிக்கு வந்த படைவீரர்கள் வெயிலையும் கடலையும் பார்த்துவிட்டுப் பிறகு குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். குளிரூட்டிகள் வந்தபின் கோடைக்கும் யாரும் அஞ்சவில்லை. வடக்கிலிருந்து ஓய்வூதியக்காரர்கள் வந்தார்கள். பள்ளிகள் பிதுங்கி வழிந்தன. பள்ளியை முடித்த பிள்ளைகள் எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் அரசிடம் பதில் இல்லை.

அதற்குப் பதில் எழுதியவர் ஜேம்ஸ் வாட்டன்பார்கர். 1957-இல் அவர் தயாரித்த திட்டத்தின் சாரம் இதுதான்: மாநிலத்தில் ஏறக்குறைய எந்த மூலையில் இருப்பவரும் வீட்டிலிருந்து காலையில் கிளம்பிப் போய்ப் படித்துவிட்டு மாலையில் திரும்பும்படி கல்லூரிகள் அமைய வேண்டும். மாநில வரைபடத்தை எடுத்து, மக்கள் எங்கே இருக்கிறார்கள், சாலை எப்படிப் போகிறது என்று பார்த்து இடங்களைக் குறித்தார். அந்தக் கணக்குப்படியே பின்னர் 28 கல்லூரிகள் எழுந்தன. அமெரிக்காவில் ஒரு மாநிலம் முழுவதற்கும் இப்படித் திட்டமிட்டுக் கல்லூரி கட்டியதற்கு முன்னோடிகளில் ஒன்றாக இன்றும் இது பேசப்படுகிறது.

ஆனால் இந்த வரைபடத்தின் நடுவே நிறக்கோடு ஒன்று ஓடியது. பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பர் என்று பிரித்துவைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று உச்ச நீதிமன்றம் 1954-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஃபுளோரிடாவோ, அந்தத் தீர்ப்புக்குப் பிறகும், கறுப்பின மாணவர்களுக்கென்று தனி ஜூனியர் கல்லூரிகளைத் திறந்துகொண்டிருந்தது. மொத்தம் 12 கல்லூரிகள். அவற்றில் பென்சகோலா நகரத்தில் 1949-இல் தொடங்கியது ஒன்றுதான் தீர்ப்புக்கு முந்தியது. மற்ற 11 கல்லூரிகளும் 1957-இலும் அதற்குப் பிறகும் வந்தவை. ‘உங்களுக்கும் ஒன்று கொடுத்துவிட்டோமே, பிறகென்ன’ என்று வாயை அடைக்கும் ஏற்பாடு அது. 1960-களின் நடுவில் அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மூடியபோது, பக்கத்து வெள்ளையர் கல்லூரியோடு ‘இணைத்தோம்’ என்று சொன்னார்கள். கட்டடங்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன, பல ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்.

மியாமி நகரம் அடங்கிய டேட் கவுண்ட்டி இந்தப் பன்னிரண்டின் பட்டியலில் இல்லை. அங்கே ஒரே கல்லூரிதான் தொடங்கினார்கள்.

1960, செப்டம்பர்

டேட் கவுண்ட்டியில் அப்போது ஒன்பது இலட்சத்துக்கு மேல் மக்கள். இத்தனை பேர் இருந்தும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் கிடையாது. இருந்த மியாமி பல்கலைக்கழகம் தனியாருடையது; கட்டணம் அதற்கேற்ப. அரசுப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கெய்ன்ஸ்வில் போக வேண்டும். அங்கே விடுதியில் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும். ஓட்டலில் தட்டு எடுப்பவரின் மகனுக்கும், விமான நிறுவனப் பணிமனையில் திருகு முடுக்குபவரின் மகளுக்கும் அது எட்டாக்கனி.

1960 செப்டம்பரில் டேட் கவுண்ட்டி ஜூனியர் கல்லூரி 1,428 மாணவர்களோடு திறந்தது. முதல் தலைவர் கென்னத் வில்லியம்ஸ். சொந்தக் கட்டடம் இல்லை. தற்காலிகக் கொட்டகைகளில் வகுப்பு நடந்ததால் ‘கோழிக்கூண்டுக் கல்லூரி’ என்று ஊரில் சிலர் கேலி பேசினார்கள். கவுண்ட்டிக்குள் குடியிருந்து உயர்நிலைப் பள்ளியை முடித்த எவரும் சேரலாம் என்பது விதி. அந்த முதல் கூட்டத்தில் உள்ளூர் வெள்ளையப் பிள்ளைகளோடு ஒரு சில கறுப்பின மாணவர்களும் இருந்தார்கள். ஃபுளோரிடாவில் இருவரும் சேர்ந்து படித்த முதல் ஜூனியர் கல்லூரி இதுதான். கியூபாவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய அகதிகளும் அதே வரிசையில் நின்றார்கள்.

இந்த மூன்றாம் கூட்டத்தை வாட்டன்பார்கரின் வரைபடம் எதிர்பார்க்கவே இல்லை.

கடல் தாண்டி வந்தவர்கள்

1959 ஜனவரி முதல் நாள் ஹவானாவில் பாட்டிஸ்டா ஆட்சி கவிழ்ந்தது. ஃபிடல் காஸ்ட்ரோ வந்தார். முதலில் ஓடி வந்தவர்கள் பழைய ஆட்சியின் புள்ளிகள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள் என்று வரத் தொடங்கினார்கள். சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் பெரும்பாலானோர் நினைத்தார்கள்.

மியாமி நகர மையத்தில் 1925-இல் ஒரு நாளிதழுக்காகக் கட்டிய உயரமான கோபுரக் கட்டடம் ஒன்று இருந்தது. செவில் நகரத் தேவாலயத்தின் மணிக்கூண்டைப் பார்த்து வடிவமைத்தது. நாளிதழ் வேறிடம் போனபின் சும்மா கிடந்த அதை 1962-இல் கூட்டரசு வாடகைக்கு எடுத்து அகதிகள் உதவி மையம் ஆக்கியது. பெயர்ப் பதிவு, மருத்துவச் சோதனை, சிறிய உதவித்தொகை, பால் பொடி, பாலாடைக்கட்டி, தகர டப்பா இறைச்சி. வந்தவர்கள் அதை ‘எல் ரெஃபூஹியோ’, அடைக்கலம் என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஃப்ரீடம் டவர் என்ற பெயர் நிலைத்தது. வாசகர்கள் இந்தக் கட்டடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கல்லூரிக் கதைக்குள் அது மறுபடி வரும்.

டப்பா இறைச்சி ஒரு மாதம் ஓடும். பிறகு? ஹவானாவில் வழக்கறிஞராக இருந்தவர் மியாமியில் கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்தார். கணக்காளர் ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். அவர்களுக்கு வேண்டியவை மூன்று: ஆங்கிலம், அமெரிக்காவில் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ், இரண்டையும் வேலை முடிந்த பிறகு மாலையில் போய்ப் படிக்கும் வசதி. இம்மூன்றையும் அவர்கள் கொடுக்கக்கூடிய விலையில் வைத்திருந்த இடம், பிறந்து இரண்டு வயதுகூட ஆகாத இந்தக் கல்லூரி.

1960 டிசம்பருக்கும் 1962 அக்டோபருக்கும் இடையில் கியூபப் பெற்றோர் 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் துணைக்கு ஆளின்றித் தனியே விமானம் ஏற்றி அனுப்பினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் அமெரிக்க அரசும் சேர்ந்து நடத்திய இந்த ஏற்பாட்டுக்கு ‘பீட்டர் பான்’ நடவடிக்கை என்று பெயர். அப்படி வந்த பையன்களில் ஒருவர் எட்வார்டோ பத்ரோன். சாண்டியாகோ நகரத்துக்காரர். வயது 15. கூடவே 12 வயதுத் தம்பி. பள்ளியை முடித்ததும் டேட் கவுண்ட்டி ஜூனியர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கிருந்து மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். 1970-இல் அதே கல்லூரிக்கு ஆசிரியராகத் திரும்பினார். வேறு எங்கே போயிருந்தாலும் கூடுதல் சம்பளம் கிடைத்திருக்கும். அவர் அங்கேயே தங்கிவிட்டதன் பலன் அடுத்தடுத்த இதழ்களில் தெரியும்.

ஓடுதளத்தின் மேல் வகுப்பறை

இரண்டாம் உலகப் போரில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஃபுளோரிடாதான் வசதியான இடமாக இருந்தது. தட்டையான நிலம், ஆண்டு முழுக்கத் தெளிந்த வானம். போர் முடிந்ததும் ஏகப்பட்ட விமானத் தளங்கள் புல் முளைத்துக் கிடந்தன. ஓபா-லாக்கா பக்கத்தில் மாஸ்டர் ஃபீல்டு என்ற பழைய கடற்படை விமானத் தளம் அவற்றில் ஒன்று. 1960-களின் தொடக்கத்தில் கல்லூரியின் முதல் நிலையான வளாகமான வடக்கு வளாகம் அங்கேதான் எழுந்தது.

அதை வடிவமைத்த கட்டடக்கலைஞர்களில் முக்கியமானவர் இலாரியோ கண்டேலா. ஹவானாவில் 1934-இல் பிறந்தவர். மியாமியின் கடலோரப் படகுப் பந்தய அரங்கத்தின் மடித்து விரித்தாற்போன்ற கான்கிரீட் கூரை அவர் கைவண்ணம்தான். அதைக் கட்டியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கல்லூரி வளாகத்திலும் அவர் கான்கிரீட்டையே நம்பினார். பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. வார்ப்புப் பலகையின் தடம் சுவரில் அப்படியே தெரியும். வகுப்பறைகளை இணைக்கும் நடைகள் கூரை போட்டவை, பக்கச் சுவர் இல்லாதவை. மியாமியின் கோடை மழை பிற்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். அரை மணியில் வெயில் காயும். அந்த நடைகளில் நனையாமல் நடக்கலாம், காற்றும் வரும். விடுதி இல்லாத கல்லூரி அது. மாணவர்கள் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடையிலான நேரத்தைக் கழிக்க வேறு இடம் கிடையாது. நடையும் முற்றமும்தான் அவர்களுக்கு விடுதி, நூலகம், உணவகம் எல்லாம். அதைப் புரிந்துகொண்டு கட்டியவர், தானும் அந்த ஊருக்குப் பிழைக்க வந்த ஒரு கியூபர்.

1962-இல் சிகாகோ நகர ஜூனியர் கல்லூரியிலிருந்து வந்து தலைமைப் பொறுப்பேற்றார் பீட்டர் மசிக்கோ. பதினெட்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். அவர் காலத்தில் கல்லூரியின் வளர்ச்சி கிடுகிடுவென்றிருந்தது. 1967-இல் 23,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். கெய்ன்ஸ்வில் பல்கலைக்கழகத்தையும் தாண்டி, மாநிலத்திலேயே அதிகம் பேர் படிக்கும் உயர்கல்வி நிறுவனம் ஆகிவிட்டது இந்தக் கோழிக்கூண்டு. தெற்கே கெண்டல் பகுதியில் இரண்டாவது வளாகம் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் நகர மையத்தில் மூன்றாவது. 1977-இல் அரசு பொது மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே செவிலியருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் ஒரு வளாகம்.

இரண்டு ஆண்டு படித்தபின் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். ஃபுளோரிடா அதற்கு வழி வைத்திருந்தது. 1964-இல் போக்கா ரட்டோன் நகரத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. அதில் முதலாமாண்டு, இரண்டாமாண்டு வகுப்புகளே கிடையாது. ஜூனியர் கல்லூரியை முடித்தவர் நேராக மூன்றாமாண்டில் சேர வேண்டும். பத்ரோன் போனது அங்கேதான். 1972-இல் மியாமியிலேயே அதே முறையில் ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகம் வந்தது. இரண்டுமே பழைய விமானத் தளங்களின் மேல் கட்டப்பட்டவை. மியாமியில் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையே பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் தம் அலுவலகமாக வைத்துக்கொண்டார். கோபுரம் இன்றும் வளாகத்தில் நிற்கிறது. 1971-இல் மாநிலம் ஓர் ஒப்பந்தத்தையும் செய்து வைத்தது: ஜூனியர் கல்லூரியில் வாங்கிய பட்டத்தை அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றே ஆக வேண்டும், அடிப்படைப் பாடங்களை மறுபடி படிக்கச் சொல்லக் கூடாது.

இதன் அருமை, பாதியில் கல்லூரி மாறி அல்லாடியவருக்குத்தான் தெரியும். முதல் இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தே, வேலை பார்த்துக்கொண்டே, குறைந்த கட்டணத்தில். அடுத்த இரண்டு ஆண்டு பேருந்து போகும் தூரத்தில். பட்டம் வாங்கும்போது அதில் ஜூனியர் கல்லூரியின் பெயர் இருக்காது, பல்கலைக்கழகத்தின் பெயர்தான். எவ்வளவு பெரிய வேலையைச் செய்தாலும் சமுதாயக் கல்லூரிகளின் புகழ் வெளியே தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

கியூபர்களின் கதை மட்டும்தான் மியாமி என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மை.

நகர மையத்தை ஒட்டிய ஓவர்டவுன், கறுப்பின மக்களின் பழைய குடியிருப்பு. கடைத்தெரு, திரையரங்கு, இரவு விடுதி என்று களைகட்டிய இடம். 1960-களில் நெடுஞ்சாலை அதன் நட்டநடுவே போடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து வடக்கே லிபர்ட்டி சிட்டி முதலிய பகுதிகளுக்குப் போனார்கள். அதே ஆண்டுகளில் கியூபர்களுக்குக் கூட்டரசு உதவித்தொகை, படிப்புக் கடன், தொழில் பயிற்சி எல்லாம் வந்துகொண்டிருந்தன. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் எங்களுக்கு இல்லாதது நேற்று வந்தவர்களுக்கா என்ற குமுறல் எழுந்தது. நியாயமான குமுறல்தான். 1968 ஆகஸ்டில், பக்கத்தில் மியாமி பீச்சில் ஒரு கட்சி தன் குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, லிபர்ட்டி சிட்டியில் கலவரம் வெடித்தது.

கல்லூரியின் வடக்கு வளாகம் லிபர்ட்டி சிட்டியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் மோசமான பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் பருவத்திலேயே தடுக்கி விழுந்தார்கள். அரைகுறை ஆங்கிலத்தோடு வந்த கியூபப் பிள்ளைகளுக்கும் அதே கதிதான். திறந்த கதவு என்ற பெருமைக்குள் ஒளிந்திருந்த பொத்தல் இது: யாரையும் தடுக்காமல் உள்ளே விட்டார்கள், உள்ளே வந்தவர் சத்தமில்லாமல் வெளியேறினாலும் யாரும் கேட்கவில்லை. திறந்த கதவு சுழல் கதவாக மாறியிருந்தது.

மெக்கேபின் கசப்பு மருந்து

இதை முதலில் வெளிப்படையாகப் பேசியவர் ராபர்ட் மெக்கேப். மசிக்கோவுக்கு அடுத்த நிலையில் இருந்தவர், 1980-இல் தலைவரானார். 1970-களின் நடுவிலிருந்தே அவரும் சகாக்களும் பாடத்திட்டம் முழுவதையும் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த முடிவு அன்றைய நிலையில் துணிச்சலானது. சேர்க்கைக்குத் தேர்வு கிடையாது. ஆனால் சேர்ந்தபின் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒரு சோதனை உண்டு. அதில் குறைந்தவர் முதலில் அடிப்படை வகுப்புகளை முடித்தாக வேண்டும். தொடர்ந்து தேறாதவருக்கு முதலில் எச்சரிக்கை, பிறகு பாடச்சுமைக் குறைப்பு, அதன் பிறகும் தேறாவிட்டால் இடைநீக்கம்.

விதி நடைமுறைக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இடைநீக்கம் ஆனார்கள். ஏழைகளுக்கான கல்லூரி ஏழைகளையே வெளியே தள்ளுகிறதா என்று கேட்டவர்கள் உண்டு. மெக்கேபின் வாதம் வேறு: எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பயனில்லாத ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதுதான் ஏழைக்குச் செய்யும் பெரிய துரோகம். ஆனால் எதிர்பார்ப்பை உயர்த்தும் கல்லூரி, தூக்கிவிடும் கையையும் கூடவே நீட்ட வேண்டும்.

அந்தக் கை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கடிதத்தைச் சொல்லலாம். பருவம் தொடங்கி ஆறு வாரம் ஆனதும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் இரண்டே விவரங்களைக் குறித்துக் கொடுப்பார்: வகுப்புக்கு வருகிறாரா, படிப்பு எப்படி இருக்கிறது. அவை கல்லூரியின் கணினிக்குப் போகும். அந்த மாணவரின் சோதனை மதிப்பெண், எத்தனை பாடம் எடுத்திருக்கிறார், தாய்மொழி ஆங்கிலமா என்பதெல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கும். இவற்றைப் பொருத்திப் பார்த்து ஆளுக்கொரு கடிதத்தைக் கணினி அச்சடிக்கும். நன்றாகப் படிப்பவருக்குப் பாராட்டு. வகுப்புக்கு வராதவருக்கு, வராததால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை. தடுமாறுபவருக்கு, எந்த உதவி மையத்துக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. கடிதம் தபாலில் வீட்டுக்கு வரும். பருவம் முடிந்து தோல்வி என்று தெரிவதற்கும், ஆறாவது வாரத்திலேயே தெரிவதற்கும் உள்ள வேறுபாடுதான் பலரைக் கல்லூரியில் நிறுத்திவைத்தது. இன்று இதை மென்பொருள் நிறுவனங்கள் ‘முன்னெச்சரிக்கை அமைப்பு’ என்று பெரிய விலைக்கு விற்கின்றன. மியாமியில் இது தனியாள் கணினி வீட்டுக்கு வராத காலத்திலேயே நடந்தது.

இந்தப் பணிக்காக மெக்கேபுக்கு 1992-இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. பெரிய ஆய்வாளர்களும் கலைஞர்களும் பெறும் அந்த நல்கை ஒரு சமுதாயக் கல்லூரித் தலைவருக்குப் போனது அபூர்வம்.

1980

மெக்கேப் பொறுப்பேற்ற ஆண்டுதான் மியாமியின் மிகக் கொடிய ஆண்டு.

1979 டிசம்பரில் ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பினக் காப்பீட்டு முகவர், மோட்டார் சைக்கிளில் போனபோது கவுண்ட்டிக் காவலர்கள் விரட்டிப் பிடித்து அடித்ததில் இறந்தார். வழக்கு டாம்பா நகரத்துக்கு மாற்றப்பட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு, 1980 மே 17 அன்று காவலர்களை விடுவித்தது. அன்று மாலையே லிபர்ட்டி சிட்டி பற்றி எரிந்தது. 18 பேர் மாண்டார்கள்.

அதே வசந்தத்தில் கியூபாவின் மரியல் துறைமுகம் திறந்தது. ஏப்ரலிலிருந்து அக்டோபருக்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் மீன்பிடிப் படகுகளிலும் உல்லாசப் படகுகளிலும் வந்து இறங்கினார்கள். முதல் அலையில் வந்தவர்களைப் போல இவர்கள் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் அல்லர். பெரும்பாலும் உழைக்கும் மக்கள். கால்பந்து அரங்கத்திலும் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் கூடாரங்களிலும் தங்கவைக்கப்பட்டார்கள். ஹெய்ட்டியிலிருந்தும் படகுகள் வந்தன. அவர்களை ஏற்பதில் அரசு காட்டிய தயக்கம், நிறம் பார்த்துத்தான் அடைக்கலமா என்ற கேள்வியை எழுப்பியது.

ஊர் கொந்தளித்தது. 1973-இல் டேட் கவுண்ட்டி தன்னை இருமொழிக் கவுண்ட்டி என்று அறிவித்துப் பெருமைப்பட்டிருந்தது. 1980 நவம்பரில் வாக்காளர்கள் அதைத் தூக்கி எறிந்தார்கள். ஆங்கிலம் தவிர வேறு எந்த மொழியிலும் கவுண்ட்டிப் பணம் செலவாகக் கூடாது. அமெரிக்கப் பண்பாடு தவிர வேறு எதையும் அப்பணத்தில் வளர்க்கக் கூடாது. பொது வாக்கெடுப்பில் வந்த இந்தச் சட்டம் 1993 வரை நீடித்தது.

இங்கேதான் ஒரு பழைய நிர்வாக மாற்றம் கைகொடுத்தது. தொடக்கத்தில் கல்லூரி கவுண்ட்டிப் பள்ளி வாரியத்தின் கீழ் இருந்தது. 1968-இல் மாநிலச் சட்டமன்றம் ஜூனியர் கல்லூரிகளைப் பள்ளி வாரியங்களிடமிருந்து பிரித்துத் தனித்தனி அறங்காவலர் குழுவின் கீழ் வைத்தது. அப்போது அது வெறும் அலுவலகச் சமாசாரம். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதன் பயன் தெரிந்தது. கவுண்ட்டிப் பணத்தைக் கட்டிப்போட்ட சட்டம் மாநிலப் பணத்தில் ஓடும் கல்லூரியைத் தொட முடியவில்லை. ‘லிட்டில் ஹவானா’ பகுதியில் 1972 முதல் இயங்கிவந்த கல்லூரியின் கிளை மையம் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்திக்கொண்டே இருந்தது. 1980-இலேயே, கியூபர்கள் நெருக்கமாக வாழும் ஹயலியா நகரத்தில் இன்னொரு வளாகமும் திறந்தது. கவுண்ட்டி அலுவலகம் ஸ்பானிஷில் அறிவிப்பு அச்சடிப்பதை நிறுத்திய காலத்தில், அதே ஊரின் கல்லூரி ஸ்பானிஷில் தொடங்கி ஆங்கிலத்துக்கு ஆட்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தது. ஆங்கிலம் மட்டும் என்று வாக்களித்தவர்கள் கேட்டதும் புதியவர்கள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதுதானே? அதைச் சட்டத்தைவிட மாலை நேர வகுப்புதான் அதிகம் சாதித்தது.

தெருவில் புத்தகம்

1981 நவம்பரில் டைம் வார இதழ், சொர்க்கம் பறிபோனதா என்று கேட்டு, தெற்கு ஃபுளோரிடாவை அட்டையில் போட்டது. போதைப்பொருள் கொலைகள், அகதிகள், கலவரம். நகர மையத்துக்கு மாலையில் வர ஆட்கள் அஞ்சினார்கள்.

அந்த நகர மையத்தில்தான் கல்லூரியின் வுல்ஃப்சன் வளாகம் இருந்தது. 1980 முதல் அதன் தலைவர் எட்வார்டோ பத்ரோன், பதினைந்து வயதில் தம்பியோடு விமானம் இறங்கிய அதே பையன். புத்தகக் கடை நடத்திய மிட்செல் கப்லானும் இன்னும் சிலரும் தெருவில் புத்தகக் காட்சி நடத்தலாம் என்ற யோசனையோடு வந்தபோது கல்லூரி தன் முற்றத்தையும் தெருவையும் கொடுத்தது. 1984-இல் இரண்டு நாள் நிகழ்ச்சியாக அது நடந்தது. இன்று அமெரிக்காவின் பெரிய இலக்கிய விழாக்களில் ஒன்றான மியாமி புத்தகக் காட்சியின் பிறப்பு இதுதான். ஸ்பானிஷ் மொழி எழுத்தாளர்களுக்குத் தனி அரங்கு வைக்கும் விழாவாக அது வளர்ந்தது.

கல்லூரி மியாமியின் பிளவுகளை ஆற்றிவிட்டது என்று எழுதினால் அது புகழ்ச்சியாகிவிடும். ஓவர்டவுனை நெடுஞ்சாலையிலிருந்து மீட்க அதனால் முடியவில்லை. மெக்டஃபிக்கு நீதி வாங்கித்தர முடியவில்லை. இடைநீக்கமான ஆயிரக்கணக்கானோரில் திரும்பி வராதவர்களும் உண்டு. அது செய்தது வேறு. ஊரார் ஒருவரையொருவர் வெறுத்த ஆண்டுகளிலும் செவிலியர் வகுப்பிலும் காவலர் பயிற்சியிலும் கணக்கு வகுப்பிலும் அவர்களைப் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார வைத்தது. கதவைத் திறப்பது ஒரு நாள் வேலை என்றும், உள்ளே வந்தவரைக் கரைசேர்ப்பது ஆண்டுக்கணக்கில் பணமும் பொறுமையும் கேட்கும் வேலை என்றும் தன் தோல்விகளிலிருந்தே கற்றுக்கொண்டது. பின்னால் வந்த அரசுகள் இந்தப் பாடத்தில் முதல் பாதியை மட்டும் விரும்பின, இரண்டாம் பாதிக்குப் பணம் கேட்டபோது முகம் திருப்பின. அந்த இழுபறி 1990-களில் தீவிரமாகிறது.

அடுத்த இதழில்: 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி ஹோம்ஸ்டெட் நகரத்தைத் தரைமட்டமாக்குகிறது. 1995-இல் பத்ரோன் முழுக் கல்லூரிக்கும் தலைவராகிறார். இடையில் தன் பெயரில் சேர்த்துக்கொண்டிருந்த ‘சமுதாய’ என்பதைக் கல்லூரி 2003-இல் எடுத்துவிடுகிறது. அகதிகள் பால் பொடி வாங்கிய கோபுரம், 2005-இல் கல்லூரியின் கைக்கு வருகிறது.

(தொடரும்)